ஐம்பத்தேழு பென்டிரைவ்கள்

‘எங்கள் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு நீங்கள் விநியோகிப்பதை உங்கள் சர்வேயர் ஒருவரிடம் பார்த்தோம். அது குறித்துப் பேச இன்று மூன்று மணிக்கு எங்கள் பிரதிநிதி நேரில் வருகிறார்.’

கம்ப்யூட்டர்காரர் அந்த மின்னஞ்சலை நான்காவது முறை படித்தார்.

நில அளவை அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. சர்வேயர்களின் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது என்பதால், வரைபட மென்பொருளைச் செருகினாலே ஓடும்படி பென்டிரைவில் ஏற்றி நாற்பத்திரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை.

மனைவிக்கு போன் போட்டார்.

“அவங்க ரூல்ஸைப் படிச்சீங்களா?”

“பதினோரு பக்கம் இருக்கு.”

“சினிமா நியூஸ்னா வரி விடாம படிப்பீங்க. அடுத்த மாசம் வேலை நிரந்தரம் ஆகணும், ஞாபகம் வச்சுக்குங்க.”

அவர் உடனே எல்லா டிரைவையும் திருப்பிக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பன்னிரண்டு மணிக்குள் மேசையில் ஐம்பத்தேழு குவிந்தன.

“நான் குடுத்தது நாப்பத்திரண்டுதானே?”

“என் மச்சானுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்தேன் சார். அவரு ஆபீஸ்ல இன்னும் பதினாலு பேரு கேட்டாங்க,” என்றார் மூத்த சர்வேயர், நல்ல காரியம் செய்தவர் மாதிரி.

சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்த வேறு மூன்று பேர், தங்களுக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் அழிக்க உட்கார்ந்தார். அதற்குள் மேனேஜர் அம்மா வந்து நின்றார்.

“ரெண்டு மணிக்கு எல்லாரும் சைட்டுக்குக் கிளம்பணும். டிரைவைக் குடுத்துடுங்க.”

“மேடம், அதுல ஒரு சின்னச் சிக்கல்…”

“இல்லாம அவங்க போய் என்னத்தை வரையப் போறாங்க? நீங்களும் கூடப் போறீங்களா?”

அழிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. தடயத்தை மட்டும் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு டிரைவாகத் திறந்து, கம்பெனியின் பெயரும் விதிகளும் இருந்த ஃபைலை நீக்கினார். மென்பொருளின் பெயரை மாற்றி அலுவலகத்தின் பெயரையே வைத்தார். டைப்பிஸ்ட் அக்கா பாதியைச் செய்துகொடுத்தார்.

“இது தப்பில்லையா தம்பி?”

“தப்புதான்க்கா. நீங்க அடுத்ததைச் செருகுங்க.”

இரண்டு மணிக்கு ஐம்பத்தாறு டிரைவ்கள் ஊரெல்லாம் கிளம்பிப் போயின. துடைத்ததில் ஒன்றை மட்டும், கேட்டால் எங்கள் சொந்த மென்பொருள் என்று காட்டலாம் என மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

சரியாக மூன்று மணிக்குப் பிரதிநிதி வந்தார். ஒல்லியான மனிதர், அக்குளில் ஒரு பெரிய பொட்டலம். மேனேஜர் அம்மாவும் உடன் வந்து உட்கார்ந்தார்.

“சார், எங்க ஆபீஸ்ல விதிப்படிதான் எல்லாமே…” என்று தொடங்கினார் கம்ப்யூட்டர்காரர்.

பிரதிநிதி பொட்டலத்தைப் பிரித்து, பளபளக்கும் கேடயம் ஒன்றை மேசைமேல் நிறுத்தினார்.

“தெரியும் சார். இதை யாரு வேணா எத்தனை பேருக்கு வேணா இலவசமா குடுக்கலாம், எங்க பேரும் விதியும் இருக்கிற ஃபைலை மட்டும் எடுக்கக் கூடாது. அதை எடுக்காம குடுத்த ஒரே ஆபீஸ் உங்களோடதுதான், அந்த டிரைவைக் கையில பிடிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”