வளைவில் ஆடும் வண்டி

பிரேக்கில் கால் வைத்ததும் கார் மறுபடியும் ஆடியது. சும்மா ஆடவில்லை, பாதத்துக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல பெடல் உதற, கிர்ரென்று ஒரு சத்தத்தோடு வண்டி மொத்தமும் குலுங்கி நின்றது.

"நாசமாப் போக!" என்று கலைவேந்தன் ஸ்டியரிங்கைக் குத்தினான். ஹாரன் அலறியது. அதற்கும் அவனுக்குக் கோபம் வந்தது.

பாகூரைத் தாண்டி அவன் ஊருக்குள் நுழையும் வளைவு அது. அறுவடைக் காலம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒதுங்கிப் போக இடம் இருந்தது. ஆனால் கலைவேந்தன் ஒதுங்குகிற ஆள் இல்லை. "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுக் களமா?" என்று கண்ணாடியை இறக்கிக் கத்திவிட்டு, நெல்லின் மேலேயே ஏற்றி, வளைவில் ஓங்கி பிரேக்கை மிதித்துத் திரும்புவான்.

சோப்புக் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் மெஷினைத் திட்டுவான். ஓடினால் ஏன் இவ்வளவு சத்தம் என்று திட்டுவான்.

மறுநாள் காலை கரிக்கலாம்பாக்கத்தில் அன்புராஜின் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றான்.

"பிரேக்கு போட்டா ஆடுது."

அன்புராஜ் மெயின் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "ஆடலயேண்ணே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்பிடி இல்லண்ணே..."

"பொழுது போவாம இங்க வந்து நிக்கிறேனா?"

ஆடுகிறது என்று ஒப்புக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது என்று அன்புராஜுக்குப் பட்டது. வீல் அலைன்மென்ட் பார்த்தான். பிரேக் பேடை மாற்றினான்.

சாயங்காலம் அதே வளைவு. புது பேடு கவ்விப் பிடித்தது. குலுக்கலும் கூடிப்போய், பக்கத்து சீட்டிலிருந்த டிபன் பாக்ஸ் கீழே விழுந்து திறந்துகொண்டது.

"டிஸ்க்கு கோணியிருக்கும்ணே," என்றான் அன்புராஜ். அதையும் மாற்றினான். இப்போது வண்டி குலுங்கிய குலுக்கலில் டாஷ்போர்டு மாதாவே தலைகுப்புறச் சாய்ந்துவிட்டாள். வண்டியை இவனுக்கு விற்ற மரியசுந்தரம் ஒட்டி வைத்துவிட்டுப் போன சிலை அது.

"இன்னாங்க, பிரேக்க கொஞ்சம் மெதுவா மிதிச்சிப் பாருங்களேன்," என்றாள் அவன் மனைவி விஜயராணி.

"என் கால குத்தம் சொல்றியா?"

வீடு, வயல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் பொறுப்பு. கோபப்படுவது அவன் பொறுப்பு.

அடுத்த நாள் ஷெட்டில் நாலு பேர் முன்னால் கலைவேந்தன் கத்தினான். "ஜல்லி சலிக்கிற மெஷினா ஆக்கி வெச்சிருக்கியே என் வண்டிய! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

அன்புராஜுக்கும் பொறுமை போனது. ஸ்பேனரைத் தரையில் எறிந்தான். "ஆடாத வண்டிய ஆடுதுன்னா நான் இன்னாண்ணே பண்ணுவேன்? வேற எடம் பாத்துக்க!"

வேறு இடம் வில்லியனூரில் கிடைத்தது. பாக்யராஜ் என்ற மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். "டீ சாப்ட்டு வாங்க சார்," என்றான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"இனிமே ஆடாது சார்."

"இன்னா பண்ணுன?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்."

ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டரின் மூலையில் புதிதாக ஒரு கறுப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தது.

"இது இன்னாய்யா டேப்பு?"

"திருஷ்டிக்கு சார்."

அன்று வளைவில் வண்டி ஆடவில்லை. வெண்ணெயில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போய் நின்றது. கலைவேந்தன் சிரித்தபடி வீட்டுக்கு வந்தான். விஜயராணி பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மண்ணாடிப்பட்டில் அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுவிட்டு, மடியில் லட்டு டப்பாவோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வளைவு வந்தது.

"நெல்லு மேல ஏத்தாதீங்க. ஒதுங்கிப் போங்க."

"எவனோ ரோட்டுல கொட்டுவான், நான் ஒதுங்கணுமா?"

ஏற்றினான். மிதித்தான். வண்டி ஆடவில்லை. நிற்கவும் இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப, கார் நேராகச் சறுக்கிப் போய் வாய்க்காலில் மூக்கைக் குத்தியது. யாருக்கும் அடியில்லை. லட்டுகள் மட்டும் சேற்றில் உருண்டன.

இழுக்க வேறு ஆள் கிடைக்காமல் அன்புராஜையே கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தவன் முதலில் டேப்பைப் பிய்த்தான். உள்ளே மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏபிஎஸ் ஃபியூச புடுங்கி வுட்டிருக்காண்ணே பாவி!" அப்போதுதான் ரோட்டைப் பார்த்தான். "ஆமா, வண்டி ஆடுனதெல்லாம் இந்த நெல்லு மேலயா?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"நெல்லு மேல ஓங்கி மிதிச்சா சக்கரம் வழுக்கும். வழுக்காம இருக்கத்தான் ஏபிஎஸ்ஸு விட்டு விட்டுப் புடிக்கும். அதான் அந்தக் குலுக்கல். வண்டிக்கு ஒண்ணுமே இல்லண்ணே. நானும் ஒரு தடவ உங்கூட இங்க வந்து பாத்திருக்கணும், எம்புத்திய..."

கலைவேந்தனுக்குக் காது வரை சிவந்தது. பேடு, டிஸ்க்கு, அலைன்மென்ட், வாய்க்கால், லட்டு எல்லாவற்றுக்கும் காரணம் இந்த நெல்!

சிதறிய நெல்லைப் பலகையால் தள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தாள் கூலிக்கு வந்த சின்னபொண்ணு. அவள்மேல் பாய்ந்தான்.

"யாரு நெல்லு இது? எந்தக் களவாணி ரோட்டுல கொட்டச் சொன்னான்? கொம்யூன் பஞ்சாயத்துல எழுதிக் குடுக்குறேன், போலீசக் கூப்புடுறேன்!"

விஜயராணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க, வூட்டுக்குப் போலாம்."

"நீ சும்மா இரு! இன்னிக்கு அந்தப் பேரு எனக்குத் தெரிஞ்சாவணும்!"

சின்னபொண்ணு பலகையைக் கீழே வைத்தாள். விஜயராணியை ஒரு பார்வை பார்த்தாள், அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க நெலத்து நெல்லுதாண்ணே. தெரிஞ்சா நீ கத்துவன்னு அக்காதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னுச்சி."