அறுநூறு ரூபாய் அண்ணன்

அண்ணன் குரலின் விலை அறுநூறு ரூபாய். 1989-ஆம் வருடத்து விலை.

பலராமனின் அப்பா அப்பாதுரை கடலை மண்டி வைத்திருந்தவர். ரமணாசிரமத்துப் பக்கம் மூன்று அறைகள் கட்டி வாடகைக்கும் விட்டிருந்தார். அதில் ஒன்றில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் மூன்று மாத வாடகை அறுநூறைக் கொடுக்காமல் ஓடிப்போய்விட்டானாம். அவன் விட்டுப்போன டேப் ரெக்கார்டரையும் அதற்குள் இருந்த ஒரே கேசட்டையும் தேரடி வீதி வீட்டுக்குக் கொண்டுவந்து, பதினான்கு வயது மகன் முன்னால் வைத்தார்.

"கேளு. ஆனா இந்தப் பெட்டில வேற கேசட்டு போட்ட, கைய ஒடிச்சிடுவேன். மோட்டாரு தாங்காது."

கேசட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை. நீல மையில் ஒரு பூ மட்டும் வரைந்திருந்தது. உள்ளே இங்கிலீஷ் ராக் பாட்டு. கித்தாரும் டிரம்மும் அடித்துக்கொள்ள, நடுவில் ஒரு கனத்த குரல், மலை ஏறிக்கொண்டே துக்கம் சொல்கிறவன் மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. பலராமனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. துக்கம் மட்டும் நன்றாகப் புரிந்தது. பாடுகிறவன் பெயர் தெரியாததால் 'அண்ணன்' என்று வைத்துக்கொண்டான்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இருபத்தொன்று வாங்கிய அன்று அண்ணன்தான் ஆறுதல். பாலிடெக்னிக்கில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கல்யாணப் பத்திரிகை நீட்டிய அன்றும் அண்ணன்தான். மீசை முளைத்ததும் அண்ணன் மாதிரியே தொண்டையைக் கனமாக்கிப் பேசப் பழகினான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு ஜலதோஷமா என்று கேட்டார்கள்.

அப்பாதுரை மட்டும் கதவோரம் நின்று, "எருமை கத்துது" என்பார். ஆனால் ஃபேன் அரை மணி ஜாஸ்தி ஓடினால் கரண்டுக் கணக்குப் பார்க்கிற மனுஷன், இந்தப் பெட்டியை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. அறைகள் பலராமன் கைக்கு வந்துவிட்டன.

அப்படிப்பட்ட அண்ணன்தான், 2003-இல் ஒரு திங்கட்கிழமைக் காலை, டேப் ரெக்கார்டரின் வாயிலிருந்து சேமியா மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, உங்க அண்ணன் குடலு வெளிய வந்துடுச்சு" என்றாள் மனைவி தேவிப்ரியா.

பலராமன் பதறிப்போய் இழுத்தான். நாடா அறுந்தது. பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது.

அறுந்ததை செல்லோடேப்பால் ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றி, கேசட்டை ஒரு வழியாகப் பிழைக்க வைத்தான். பெட்டிதான் பிழைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற சடையனிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"பௌர்ணமி வருது தம்பி. மலை சுத்தற பாதை பூரா மைக் செட் வேலை கீது. பத்து நாள் ஆவும்."

பத்து நாள்! அதற்குள் கேசட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று தோன்றியது. பலராமனுக்குப் புத்திசாலித்தனம் தோன்றுகிற நாளெல்லாம் செலவு நாள்தான். பாட்டுப் பதிவுக் கடை இராமலிங்கத்திடம் முப்பது ரூபாயை இருபத்திரண்டுக்குப் பேசி, கேசட்டைக் கொடுத்தான்.

மறுநாள் இராமலிங்கம் காப்பியைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் தொண்டை கிழியப் பாடினாள்.

"நிறுத்துங்க. யாரு இது?"

"நீ குடுத்ததுதான்."

"நான் குடுத்தது ஆம்பளைங்க. இது பொம்பளை."

"உள்ள இன்னா இருந்துச்சோ அதான்யா வெளிய வரும். நடுவுல நான் இன்னா பிரசவமா பாக்கறேன்?"

பலராமன் தன் கேசட்டை வாங்கிப் பார்த்தான். அதே நீலப் பூ. தான் போட்ட செல்லோடேப் ஒட்டுகூட அதே இடத்தில் இருந்தது. அவனுக்குள் இருந்த மண்டி ரத்தம் விழித்துக்கொண்டது. மூட்டை அதே, தையல் அதே, சரக்குதான் மாறியிருக்கிறது. ஒட்டைக்கூட அச்சாக அதே இடத்தில் போட்டிருக்கிறான் என்றால் எவ்வளவு தேர்ந்த திருடன்!

"ஸ்க்ரூவக் கழட்டி நாடாவ மாத்திட்டீங்க. ஒரிஜினல எடுங்க."

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இராமலிங்கம் சட்டையைச் சரிசெய்துகொண்டு மலையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"அண்ணாமலையாரு மேல ஆணை, நான் தொடலை. இருபத்திரண்டு ரூபாய்க்கு என்னைத் திருடன்னுட்ட இல்ல? இனிமே இந்த ஊர்ல எவனும் உனக்குப் பாட்டு பதிய மாட்டான். நான்தான்யா சங்கத்துக்குச் செயலாளரு."

இரண்டு கேசட்டும் தெருவில் வந்து விழுந்தன.

ராக் பாட்டு தெரிந்தவர் யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டும். அறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரரிடம் போனான். இங்கு வந்து ஆறு வருடத்தில் தமிழைச் சுமாராகக் கற்றிருந்தவர். மாதம் மூவாயிரம் தருகிறவர். வாக்மேனில் போட்டுக் கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆ! இவள் பெரிய பாடகி."

"இவள் இல்லைங்க, இவர். அண்ணன் பாட்ட இவ திருடிப் பாடறா."

"இல்லை, இல்லை. இந்தப் பாட்டு இவள் பாட்டு. நான் முப்பத்தைந்து வருஷம் கேட்கிறேன்."

"அப்ப முப்பத்தஞ்சு வருஷமா தப்பாக் கேட்டிருக்கீங்க!"

அன்று சாயங்காலமே ஜெர்மன்காரர் ஒரு பைசா பாக்கியில்லாமல் கணக்கு முடித்து, அடுத்த தெரு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

மூவாயிரம் போன துக்கத்தைக்கூட அண்ணனிடம் சொல்லி அழ முடியவில்லை. பலராமன் அன்று இரண்டு தடவை தானே பாடிப் பார்த்தான். எதிர்வீட்டு நாய் எழுந்து போனது.

மறுநாள் சட்டை துவைக்க எடுத்த தேவிப்ரியாவின் கையில் காப்பி கேசட் மாட்டியது. பக்கத்து வீட்டு தனம் அக்காவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டுவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் அடுப்பை அணைத்தாள்.

"யாரு அவ?"

"யாரு?"

"கொஞ்சிக் கொஞ்சி அழுவறாளே, அவ."

"அது... அண்ணன்."

"அண்ணனா? கடைத்தெருவுல நின்னு 'பொம்பளை பொம்பளை'ன்னு கத்தினீங்களாமே, தனம் அக்கா சொல்லுது. ஆறு வருஷமா ஒழுங்கா வாடகை குடுத்த மனுஷனைத் தொரத்திட்டீங்க. ரூமைக் காலி பண்ணி எவளைக் குடி வைக்கப் போறீங்க?"

பலராமன் வாயைத் திறந்தான். அண்ணன் மாதிரிக் கனமாகப் பேச முயன்றான். கிறீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது.

பூஜை அறையிலிருந்து அம்மா தங்கம்மாள் மகனுக்குச் சாட்சி சொல்ல வந்தாள்.

"அது ஆம்பளை பாட்டுதாம்மா. உங்க மாமனாரு எனக்கே போட்டுக் காட்டினாரே, 'பாரு, தடிமாடு மாதிரி கத்தறான்'னு."

"அப்ப அதே பெட்டில எனக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்க அத்தை. ஆம்பளை பாடினா சோறு ஆக்கறேன். பொம்பளை பாடினா போளூருக்கு, எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன்."

பலராமன் ஓட்டல் இட்லியைத் தின்றுகொண்டு ஒரு வாரம் நாளை எண்ணினான். அவளுடைய பை கட்டி வாசலில் தயாராக இருந்தது. அதற்குள் பல் பிரஷ்கூட வைத்தாகிவிட்டது.

பத்தாம் நாள் சடையன் பெட்டியை மேசைமேல் வைத்தார். பலராமன் கேசட்டைப் போட்டான்.

பெண் பாடினாள்.

பலராமன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "இங்கயும் அவளா!"

"முன்ன இருந்ததுக்கு இப்ப சூப்பரா பாடுது தம்பி. ஸ்பீடு ரொம்ப கம்மியா வெச்சிருந்துச்சு. மோட்டாரு பின்னாடி ஒரு திருகு கீது பாரு, அதை முறுக்கி, மேல செவப்பு நகப்பூச்சு தடவி சீல் பண்ணியிருந்துச்சு. நகப்பூச்சுல சீல் வைக்கிறது இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். எப்ப பண்ணேன், எதுக்குப் பண்ணேன், அதான் ஞாபகமே வரலை."

சடையன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு அரைத் திருப்புத் திருப்பினார். பெண்ணின் குரல் தடித்தது, இறங்கியது, இழுத்தது. பலராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன்! இரண்டு வார்த்தை பாடினார். சடையன் மறுபடி திருப்பினார். அண்ணன் போய்விட்டார்.

பதினான்கு வருடத்து ஆறுதல், கட்டிக் காத்த மீசை, பழகிக்கொண்ட தொண்டை எல்லாம் ஒரு திருகின் அரைச் சுற்றுக்குள் அடங்கிவிட்டன. உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத பாடகன், பிறக்கவே இல்லாதவன். அழக்கூடத் தோன்றவில்லை. அழுதால் ஆறுதல் சொல்ல ஆளில்லை.

இனி மிச்சம் இருந்தது குடும்பம் ஒன்றுதான்.

"அண்ணே, பழையபடியே முறுக்கி வெச்சிடுங்க."

"ஏன்ப்பா? இப்பதானே ஒழுங்கா பாடுது."

"வீட்ல பொண்டாட்டி சந்தேகப்படறாண்ணே. இது ஆம்பளை பாடற மாதிரி இருந்தாத்தான் எனக்குச் சோறு."

சடையனின் கை நின்றது. முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, இப்ப வந்துடுச்சு ஞாபகம்! உங்கப்பாவும் இதே ஸ்டூல்ல குந்திக்கிட்டு, வார்த்தை மாறாம இதையேதான் கேட்டாரு. அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போறப்ப இதைக் குடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லி, கண்ணு கலங்கிட்டாரு தம்பி. அந்தம்மாகிட்ட அறுநூறு ரூபா வாடகையே வேணாம்னு விட்ட மனுஷன், திருகு முறுக்கின கூலி பதினஞ்சை எங்கிட்ட பாக்கி வெச்சுட்டாரு. உன் பதினஞ்சும் சேத்து முப்பதா குடுத்துடு."