முயல் வீட்டுத் தோட்டம் முதல் பரிசு வாங்கியது

ஒரு காட்டில், மனை பிரித்து வேலி போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்ட பிறகு, அமராவதி என்ற முயல் தன் கணவன் தணிகாசலத்தோடு புது வளைக்குக் குடிபோனாள். வாசலில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கும்படி ஒரு தோட்டம் போட வேண்டுமென்று ஆசைப்பட்டாள்.

ஆலோசனைக்கு ஓர் ஆமையை அழைத்தாள். ஆமை நல்லதாகவே சொன்னது. காலை வெயில் விழும் பக்கம் பூச்செடி வை, உயரமானதைப் பின்னால் வை, தொட்டியின் அடியில் துளை போடு, மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்றால் மட்டும் தண்ணீர் விடு என்றது. முயல் இருக்கும் வீட்டில் தோட்டம் தேறாது என்றும் சொன்னது. அதை மட்டும் அமராவதி காதில் வாங்கவில்லை.

தணிகாசலம் பாத்தி தோண்டினான். மழைக்குப் பிறகு சாமந்தி கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஓரமெல்லாம் கேரட் தழை அடர்ந்து நின்றது. அவன் ஒரு தழையை முகர்ந்தபோது அமராவதி, "என்னங்க, அது பார்க்கிறதுக்கு" என்றாள்.

அதனால் இருவரும் பக்கத்து மனையில் சாப்பிட்டார்கள். அது பேச்சிமுத்து என்ற கழுதையாருடையது. அங்கே அறுகும் கீரையும் இஷ்டத்துக்கு முளைத்துக் கிடந்தன. வயிறாரச் சாப்பிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ஒருநாள் அவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கேட்டபோது, குளம்பு பட்டால் புல்தரை கெட்டுவிடும் என்று அமராவதி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் காட்டில் தோட்டப் போட்டி வைத்தார்கள். நடுவரான மயில் வந்து பார்த்து அசந்துபோனது. பக்கத்து மனையின் களைதான் கண்ணை உறுத்துகிறது, அதை எடுத்துவிட்டால் முதல் பரிசு நிச்சயம், அடுத்த வாரம் வருகிறேன் என்றது. தணிகாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அமராவதி அவன் காதைக் கிள்ளினாள்.

மயில் அனுப்பிய யானை வந்து பேச்சிமுத்துவின் மனையை மொட்டையாக்கிவிட்டுப் போனது. அவர் வெறும் தரையைக் கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு நிழலில் போய் நின்றார்.

மறுநாளே முயல்களுக்குப் பசித்தது. அமராவதி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு, ஓரத்துத் தழையை மட்டும் கத்தரிக்கலாம், அடர்த்தி குறைந்தால் செடிக்கு நல்லதுதான் என்றாள். கத்தரித்ததைத் தின்றார்கள். அதற்கப்புறம் இருவரும் தலை நிமிரவே இல்லை.

மயில் வந்தபோது நாலைந்து கற்களும் ஒரு காலித் தொட்டியும்தான் மிச்சம். மயில் சுற்றிச் சுற்றி நடந்தது. அதன் கண் கலங்கியிருந்தது.

"வெறுமையை வைத்தே தோட்டம் அமைக்க எல்லாருக்கும் துணிச்சல் வராதும்மா" என்று சொல்லி, முதல் பரிசைக் கையில் கொடுத்தது.

பேச்சிமுத்து வேலியோரம் வந்து, தன் மனையும் இப்போது அப்படித்தானே இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். மயில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"அது பராமரிப்பில்லாத நிலம்" என்றது.

நீதி: அழகான தோட்டம் வேண்டுவோர் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மனையை மொட்டையாக்கவும்; பிறகு தம்முடையதைத் தின்றாலும், அதைக் கலை என்று சொல்ல ஆள் வரும்.