மெக்கானிக் செத்துப்போன வாரம்

இனிமேல் மனைவியின் வாயை நம்பிப் பிழைப்பதில்லை என்று வசனகர்த்தா முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு, தன் தொடரில் வரும் மெக்கானிக்கை விண்கலத்துக்கு வெளியே தள்ளிக் கொன்றுவிட்டார்.

வாராவாரம் தொலைக்காட்சியில் வருகிற விண்வெளித் தொடர் அது. விறைப்பான கேப்டன், வாய்த்துடுக்கான மெக்கானிக். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் இருவரும் ஒரு கிரகத்தைத் தாண்ட மாட்டார்கள். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உயிரைக் கொடுப்பார். ஜனங்கள் ரசித்ததெல்லாம் மெக்கானிக்கின் வசனத்தை. மெக்கானிக்கின் வசனமெல்லாம் வசனகர்த்தாவின் மனைவி பேசியது.

ஒருநாள் அவர் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். "உங்க தலையில ஏதாவது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங்க" என்றாள். அடுத்த வாரம் அதையே மெக்கானிக் கேப்டனிடம் சொன்னான். கைதட்டல் அவனுக்கு, எரிச்சல் இவருக்கு.

இவர் கையால் எழுதுவதை டைப் அடித்து இயக்குநருக்கு அனுப்புவதும் அவள்தான். மெக்கானிக் செத்த பக்கத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் அடித்து அனுப்பினாள்.

மறுநாள் காலை இயக்குநர் போனில் கூப்பிட்டார்.

"கேப்டன் தனியா மூணு பக்கம் பேசறாரு சார். எனக்கே கொட்டாவி வருது. மெக்கானிக் உயிரோட வரணும், கிண்டல் வேணும். நாலு மணிக்குள்ள வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வசனகர்த்தா வேறு வழியில்லாமல் கௌரவத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பேனாவும் கையுமாகச் சமையலறை வாசலில் போய் நின்றார். வம்புக்கு இழுத்தால் தானாகக் கொட்டும் என்று நினைப்பு.

"சமையல்ல உப்பே இல்ல!"

"சரிங்க, போட்டுடறேன்."

"நான் இன்னும் சாப்பிடவே இல்லியே! எப்படித் தெரியும்னு கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். எடுத்து உலர்த்தினாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தார்.

"எப்படி இருக்கு?"

"எடுப்பா இருக்குங்க."

"உங்க அண்ணன் ஒரு மண்டு!"

"ஆமாங்க, பாவம்."

கூடப்பிறந்த அண்ணனையே விட்டுக்கொடுத்துவிட்டாளே! அவளோ கணினி முன்னால் உட்கார்ந்து தன் பாட்டுக்கு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மணி மூன்றரை ஆனதும் அவர் உடைந்துபோனார்.

"ஒரே ஒரு தடவை திட்டேன்! நீ பேசாம இருந்தா வீடே வீடா இல்ல."

அது நடிப்பில்லை. நிஜமாகவே அழுகை வந்தது. அவளுக்கும் கண் கலங்கியது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று திரும்பி, இன்னும் ஒரு வரி தட்டினாள்.

நாலு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார்.

"பிரமாதம் சார்! செத்துட்டான்னு நெனச்ச மெக்கானிக் திரும்பி வந்து, எதுக்கெடுத்தாலும் 'சரிங்க கேப்டன்'ங்கறான். கேப்டன் தவிக்கிறாரு! கடைசியில 'நீ பேசாம இருந்தா கப்பலே கப்பலா இல்ல'ன்னு அழுவறாரு பாருங்க, படிச்சுக் காட்டினதும் யூனிட்டே கண்ணைத் தொடச்சுது."

"அது... வந்து... நான்..."

"மேடம் எல்லாம் சொன்னாங்க சார். அடுத்த வாரத்துலேர்ந்து அவங்களே எழுதட்டும். நீங்க சிரமப்பட வேண்டாம். வீட்ல எப்பவும்போல இருங்க, அது போதும்."