ரீட்டா வீட்டு ரேடியோ இரைச்சல்

பாட்டுக்கு நடுவே ரேடியோவில் "கொர்ர்ர்" என்று இரைச்சல் கிளம்பியதுதான் தாமதம், ரீட்டா தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டை விட்டே வெளியேறினாள். சார்லஸ் பாதித் தோசையோடு விழித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளாக இதே கதைதான். சிங்கப்பூரில் பதினாலு வருஷம் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தவர், இனி ஊரோடுதான் என்று ஆலங்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்திருந்தார். வந்தவருக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. கடலைக் கொல்லை, மாடு, மகள் காலேஜ் எல்லாம் ரீட்டா தனியாகவே பார்த்துப் பழகியிருந்தாள். எதைத் தொட்டாலும், "நீங்க உக்காருங்க" என்பாள். சொந்த வீட்டில் எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியாக உட்காருவது?

இப்போது வேலை கிடைத்துவிட்டது. பாவம், அவள் ஆசையாகக் கேட்பது அந்த ரேடியோ ஒன்றைத்தான். இரைச்சல் பொறுக்காமல் ஓடினால் திரும்பிவர ரெண்டு மணி நேரம் ஆகிறதே.

"இத ஒழிச்சுக் காட்டலன்னா நானென்ன எலக்ட்ரீசியன்?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதல் சந்தேகம் எல்.ஈ.டி. பல்புகள் மேல். அத்தனையையும் கழற்றினார். இருட்டு அடுப்படியில் ரீட்டா ரசத்துக்குக் காப்பிப்பொடியைப் போட்டதுதான் மிச்சம். இரைச்சல் அப்படியே இருந்தது.

மறுநாள் துணிக்கொடிக் கம்பியை அவிழ்த்து, தென்னைக்குத் தென்னை இழுத்து ஏரியல் கட்டினார். பாட்டு தெளிவாக வரும் என்று பார்த்தால், இரைச்சல்தான் மூன்று மடங்காக வந்தது.

ரீட்டா முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேக்குதுங்க. இப்படியே இருக்கட்டும்."

சார்லஸ் இதை நம்பவில்லை. நம் மனசு நோகக்கூடாதென்று எப்படிப் பேசுகிறாள் பார். ஏரியலை உடனே அவிழ்த்தார். காதைக் கிழிக்கும் சத்தத்தைப் புகழவேண்டிய கதி கட்டின மனைவிக்கு வரலாமா?

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்த முத்துராஜிடம் போனார்.

"எந்நேரமும் இரையுதாண்ணே?"

"விட்டு விட்டு வருதுப்பா."

"டிரான்ஸ்பார்மர் பக்கம் எங்கயாச்சும் ஒயரு லூசா இருக்கும். எப்ப எப்ப வருதுன்னு குறிச்சுப் பாருங்கண்ணே."

"குறிக்கிறதெல்லாம் எதுக்கு? நீ இரைச்சல வடிகட்டுற பில்டரக் குடு."

கம்ப்யூட்டர் ஒயரில் உருண்டையாக இருக்குமே, அந்த மாதிரி வளையம் ரெண்டு, பில்டர் பெட்டி ஒன்று. வாங்கிவந்து ஒயரை வளையத்தில் சுற்றினார், எர்த் கம்பி அடித்தார். இரைச்சல் போயே போய்விட்டது. செய்தி வாசிப்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

அன்றிலிருந்து ரீட்டா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா, இப்ப எந்திரிக்கவே மாட்டேங்குற."

"ம். நல்லா இருக்குங்க."

சொன்ன வாயில் சிரிப்பு இல்லை. நடுநடுவே ரேடியோவில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தாள். திடீரென்று கொல்லைக்கு ஓடினாள். வேர்க்க விறுவிறுக்க வெறுங்கையாகத் திரும்பினாள். இன்னும் ஏதோ இரைச்சல் மிச்சமிருக்கிறது போல என்று சார்லஸ் மூன்றாவது வளையத்தையும் மாட்டினார்.

நாலாம் நாள் கொல்லைப் பக்கம் போனவர் திடுக்கிட்டார். கடலைச் செடியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது.

"விழுது மண்ணுக்குள்ள எறங்குற நேரம்ங்க. இப்பத் தண்ணி இல்லன்னா இந்த வருசம் காயே இல்ல" என்றாள் ரீட்டா.

"மோட்டார் போட வேண்டியதுதானே?"

"வீட்டுக் கரண்டுல மோட்டார் ஓடாது, மூணு பேஸ் கரண்டு வரணும்ல. அத நெனச்ச நேரத்துக்குத்தான் விடுறாங்க. ஓடி வந்து பாத்தா வந்திருக்க மாட்டேங்குது. அங்கிட்டுப் போனதும் வந்துட்டுப் போயிருது."

"அவ்வளவுதானே? ரேடியோவையே சரி பண்ணவன், இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டேனா?"

ரீட்டா அவரையே பார்த்தாள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அவளுக்காக அவர் கையால் செய்த முதல் வேலை அந்த ரேடியோ. "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சார்லஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வீட்டில் தானும் ஓர் ஆள்தான்.

அப்போது பக்கத்துக் கொல்லை அமுதவல்லி, வாடிய கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"ஏக்கா, நாலு நாளா ஒங்க ரேடியோ ஏன் கொர்ருங்க மாட்டேங்குது? அந்தச் சத்தம் கேட்டாத்தானே மூணு பேஸ் வந்துருச்சுன்னு நம்ம தெருவே மோட்டார் போட ஓடும்?"