பத்தாவது ஆள்

"இன்னும் ஆறு பேர் வேணும்," என்றாள் நர்ஸ்.

வாட்ச்மேன் அதற்குள் பாதிக் கதவைச் சாத்திவிட்டார். தடுப்பூசி முகாம் நடந்த அந்த பாட்மிண்டன் கூடத்தில் டாக்டரையும் சேர்த்து நாலே பேர் நின்றிருந்தார்கள். நர்ஸின் மேஜைமேல், ஐஸ் பெட்டிக்குள், தடுப்பூசிக் குப்பி ஒன்று மூடி கழற்றாமல் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"ஒரு பாட்டில்ல பத்து பேருக்கு மருந்து. திறந்தா பத்தையும் போட்டாகணும், இல்லைன்னா மிச்சத்தைக் கொட்டணும். நாலு பேருக்காகத் திறந்தா என் வேலை போயிடும். நாளைக்கு வாங்க."

டாக்டர் என்றால் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. கடல் தாண்டி வந்து கான்கிரீட்டில் ஆராய்ச்சி செய்கிற மாணவன். பட்டம் கையில் கிடைக்க இன்னும் காலம் இருந்தது. ஆனால் அவன் அறைக்குக் கீழே சலவைக் கடை வைத்திருந்த அக்காவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவளும் என்றைக்கோ பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவள். அவன் குடிவந்த அன்றே அவனை டாக்டர் ஆக்கிவிட்டாள். தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

நாளைக்கு வா என்றால் வரலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? கொள்ளைநோய்க்காகப் பூட்டிக் கிடந்த லேப் திங்கட்கிழமை திறக்கிறது. தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் அனுமதி என்று புரொபசர் மெயில் அனுப்பியிருந்தார். அதே திங்கட்கிழமை டாக்டரின் கான்கிரீட் கட்டிகளுக்கு ஒரு வயது நிறைகிறது. ஒரு வருஷம் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய கட்டிகளை அன்றைக்கு இயந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கின என்று பார்க்க வேண்டும். நாள் தப்பினால் ஆராய்ச்சியே தப்பு. மறுபடியும் கலவை, மறுபடியும் தொட்டி, மறுபடியும் ஒரு வருஷம். விசாவில் அந்த ஒரு வருஷம் இல்லை. வேறு யாராவது நொறுக்கித் தரலாமா என்று கேட்டுப் பார்த்தான். அவரவர் கட்டியை அவரவர்தான் உடைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

வெளிநாட்டு மாணவர்களின் முறை இன்னும் வரவில்லை. அவனோடு அறையில் தங்கியிருந்தவன் ஓய்வு நேரத்தில் கடையில் வெங்காய மூட்டை அடுக்குகிறவன். 'அத்தியாவசியப் பணியாளர்' என்று அவனுக்கு எப்போதோ போட்டுவிட்டார்கள்.

"வெங்காயம் அத்தியாவசியம், நான் அனாவசியமா?" என்று டாக்டர் கேட்டான்.

"கான்கிரீட்டை வதக்கிச் சாப்பிட முடியாதில்ல, மச்சி."

ஆனாலும் வழி சொன்னவன் அவன்தான். முகாம் மூடுகிற நேரத்தில் ஒரு கடைசி வரிசை உண்டு. அதில் நிற்பவன் யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். பத்து பேர் சேர்ந்தால் போதும்.

சேர்த்துவிட்டால் போகிறது என்று மறுநாள், புதன்கிழமை காலையில் டாக்டர் சலவைக் கடையில் போய் நின்று, பத்து பேர் வந்தால்தான் குப்பியைத் திறப்பார்கள், தெருவில் எல்லோரும் வாருங்கள் என்றான். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஊசி போட்டால் கால் வீங்குமாமே, ஞாபகம் போய்விடுமாமே என்று கேள்விப்பட்டதையெல்லாம் சொன்னாள். அவன் தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் கொட்டினான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா டாக்டர்?"

இல்லை என்றால், முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்பாள். அவன் போட்டுக்கொள்ள அவள் வர வேண்டும்.

"போட்டாச்சு," என்றான்.

"ஒண்ணும் ஆகலையே?"

"பார்த்தா தெரியலையா?"

அக்கா அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். கையில் கிருமிநாசினி பாட்டில். கடை வாசலுக்கு வெளியே, ஆறடி தள்ளி. "தெரியுது," என்றாள். "சாயங்காலம் வர்றோம்."

சொன்னபடி வந்தாள். புருஷனையும், எதிர்ச் சாரி தையல்காரரையும், சலூன்காரரையும், இன்னும் ஐந்து பேரையும் கூட்டி வந்தாள். தன்னோடு சேர்த்தால் கச்சிதமாகப் பத்து என்று டாக்டர் மனசுக்குள் துள்ளினான். அந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வயசுப்படி நில்லுங்க," என்றாள் நர்ஸ். "பெரியவங்க முன்னாடி. அதான் இங்க சட்டம்."

கூட்டத்தில் சின்னவன் டாக்டர். பதினோராவது ஆளாக நின்றான். பத்தாவது ஊசியோடு குப்பி காலி. போட்டுக்கொண்டவர்களைப் பின்னால் ஒரு அறையில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அந்த வழியாகவே அனுப்பிவிட்டார்கள். அவன் முன்வாசல் வழியாகத் திரும்பினான்.

வியாழக்கிழமை அவன் பொய் இன்னும் சதை பிடித்தது. போட்டுக்கொண்டதும் உடம்பு லேசானதாகவும், நன்றாகத் தூக்கம் வந்ததாகவும், முடி கொட்டுவதுகூடக் குறைந்ததாகவும் சலூனில் உட்கார்ந்து சொன்னான். சலூன்காரர் அவன் தலையைப் பார்த்துவிட்டுத் தரையில் கிடந்த முடியைப் பெருக்கினார். அன்று சாயங்காலம் பஸ் டிரைவர்கள், பேக்கரி ஆட்கள் என்று ஒரு கூட்டமே வந்தது. வாட்ச்மேன் மலைத்துப்போய் உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் அங்கி எடுத்து வந்து அவனுக்கு மாட்டிவிட்டார். முதுகில் 'தன்னார்வலர்' என்று எழுதியிருந்தது.

உள்ளே இருக்கிறவனுக்கு ஊசி இல்லாமலா போகும் என்று டாக்டர் சந்தோஷமாகவே மாட்டிக்கொண்டான். நாற்காலி தூக்கினான். வயசு கேட்டு வரிசை கட்டினான். தலையை எண்ணினான். வந்தவர்கள் பத்தொன்பது, அவனோடு இருபது. இரண்டு குப்பி. கணக்கு சரி.

பேக்கரிக்காரரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் அங்கி போட்டவன் அவளை எப்படித் தடுப்பது?

"வாலண்டியர் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் நர்ஸ். "நீங்கதான் முதல் நாளே போட்டிருப்பீங்களே, மத்தவங்களுக்கு வழி விடுங்க."

கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள். இரண்டு நாளாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு பதில் வரவில்லை.

"போட்டாச்சும்மா."

"கை வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா," என்றான். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அது. அறுபது நாற்காலி தூக்கியிருந்தான்.

இனி பொய் வேண்டாம் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை அங்கியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக நர்ஸிடம் போனான். அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பத்து பேர் வந்து நின்றார்கள். எல்லாம் அவன் தெரு முகங்கள்.

"சிஸ்டர், நான் இன்னும் ஊசி போட்டுக்கலை."

நர்ஸ் சிரிக்கவில்லை. நேற்றும் இரண்டு பேர் திருட்டுத்தனமாக இரண்டாவது முறை போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள் என்றாள்.

"நீங்களே வரிசையில ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நான் போட்டுக்கிட்டேன், நான் போட்டுக்கிட்டேன்'னு தைரியம் சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

"அது பொய், சிஸ்டர்."

"அப்ப இது?"

கான்கிரீட், ஒரு வயசு, திங்கட்கிழமை, விசா என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. நர்ஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். அவன் பெயர் எங்கேயும் இல்லை. அதற்குப்பின் அவள் முகம் மாறிவிட்டது. தேடி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸ் அன்றைய குப்பியை முடித்திருந்தாள்.

"நாளைக்கு எங்களுக்கு இங்க கடைசி நாள். வரிசையை என்னால மாத்த முடியாது, சூப்பர்வைசர் நிப்பார். ஆனா பத்தாவது ஆளா நில்லுங்க, கண்டிப்பா போட்டு விடறேன். தயவுசெஞ்சு நீங்க யாரையும் கூட்டிட்டு மட்டும் வராதீங்க."

தெருவுக்குத் திரும்பியதும் சலவைக் கடை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் ஆள் வேணுமா டாக்டர்?"

"வேண்டாம்க்கா. போதும்," என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அழுத முகம் என்று தெரியாமல் இருக்க அவன் அவசரமாக மாடி ஏறினான்.

சனிக்கிழமை அவன் வாயையே திறக்கவில்லை. தெருவில் தலை குனிந்து நடந்தான். கூடத்துக்குள் நுழைந்து எண்ணினான். ஒன்பது பேர். மறுபடியும் எண்ணினான். ஒன்பதுதான். போய் வரிசைக் கடைசியில் நின்றான். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நர்ஸ் அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுக் குப்பியின் மூடியைக் கழற்றினாள்.

ஒவ்வொருவராக முடிந்தார்கள். முன்னால் இரண்டே பேர். டாக்டர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான். வாட்ச்மேன் கதவைச் சாத்தப் போனார்.

சாத்துகிற கதவில் ஒரு பெரிய தொந்தி வந்து இடித்தது. சலூன்காரரின் மச்சினன். ஆள் மலை மாதிரி. ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே உட்கார்ந்துவிடுவார் என்று சலூனில் அவரை வைத்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்கள். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார்.

"போடுங்கம்மா, சீக்கிரம் போடுங்க. மனசு மாறிடும்."

"சார், ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று டாக்டர் அவர் கையைப் பிடித்தான்.

"யாரும் பேசாதீங்க. பேசினா மயங்கிடுவேன்."

சூப்பர்வைசர் அவர் வயசைக் கேட்டார். நாற்பது. டாக்டரை ஒரு அடி பின்னால் நகர்த்தினார். நர்ஸ் டாக்டரின் முகத்தைப் பார்க்காமலே பத்தாவது ஊசியை எடுத்தாள்.

முடிந்தது. ஐஸ் பெட்டியை மூடினார்கள். மேஜையை மடக்கினார்கள். டாக்டர் சட்டைக் கையை இறக்கிவிடத் தோன்றாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். தொட்டித் தண்ணீருக்குள் கட்டிகள் வரிசையாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நாளை மறுநாள் அவற்றுக்கு ஒரு வயது. உடைக்க ஆள் இல்லை.

பின்வாசல் வழியாகச் சுற்றி வந்த மச்சினன் பஞ்சைத் தோளில் அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மயங்கவில்லை என்ற பெருமையில் முகம் பளபளத்தது. டாக்டர் அவர் பக்கம் திரும்பினான்.

"ஊசின்னா உயிர் போற அளவுக்கு பயப்படறீங்க. உங்களை யாரும் கூப்பிடலை. எதுக்கு சார் இன்னிக்கே வந்தீங்க?"

மச்சினன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க இன்னும் போட்டுக்கலைன்னு புதன்கிழமையே தெருவுக்கெல்லாம் தெரியும் டாக்டர், பத்து பேர் சேரலைன்னா உங்களுக்குப் போட மாட்டாங்கன்னு லாண்டரி அக்காதான் தினம் வீடு வீடா வந்து எங்க காலைப் பிடிச்சாங்க, இன்னிக்கும் ஒரு ஆள் குறைஞ்சுடப் போகுதுன்னு அழுதாங்க, இல்லைன்னா இந்தச் சனியனை யார் போட்டுக்குவாங்க?"