லண்டனுக்கு இறக்கம், ஆம்பூருக்கு மேடு

உலகத்தில் எந்த ஏர்போர்ட்டிலிருந்து எந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டாலும், யோசிக்காமல் தப்பாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பைலட் பாய்தான்.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் வேன் டிரைவர் அவர். சாம்பிள் பெட்டிகளையும், அவற்றைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போகும் எங்களையும் மீனம்பாக்கத்தில் இறக்கிவிடுவது அவர் வேலை. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். விமானத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் யார் டிக்கெட் எடுத்தாலும் வாங்கிப் பார்த்து, இறங்கும் மணியிலிருந்து கிளம்பும் மணியைக் கழித்துவிடுவார். லண்டன் போக அஞ்சரை மணி நேரம், வர பதினஞ்சு. ஏன் இந்த வித்தியாசம் என்றால் அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

“ஏலகிரி ஏறும்போது வண்டி முக்குது, எறங்கும்போது பறக்குது. அதே கதைதான் தம்பி. லண்டன் பள்ளத்துல கீது, நம்ம ஊரு மேட்டுல கீது.”

ஷிப்பிங் கிளார்க் ஒருவர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உருட்டி உருட்டி, லண்டன் கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது, போனாலும் வந்தாலும் பத்துப் பதினோரு மணி நேரம்தான் என்று விளக்கினார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆரஞ்சை உரித்துத் தின்றார். மேட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வருடம் என் தங்கைக்கு லண்டனில் நர்ஸ் வேலை கிடைத்தது. அம்மா முடியவே முடியாது என்றாள். ஆத்திர அவசரத்துக்கு ஓடி வர முடியாத ஊருக்குப் பெண்ணை அனுப்ப மாட்டாளாம். நானோ பதினோரு மணி நேரம் என்று உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தேன். மறுநாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தங்கை சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என்னை அழைத்துப்போக வந்தார் பாய். விமான விஷயத்தில் அம்மா என்னைவிட அவரைத்தான் நம்புவாள். பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டாள்.

போவதற்கு அஞ்சரை மணி நேரம்தான் என்றார் பாய். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“போறது கெடக்கட்டும் பாய். எனக்கு ஒண்ணுன்னா இவ வர்றதுக்கு?”

பதினஞ்சு என்று சொன்னால் எல்லாம் போச்சு. பாய், கதவோரம் வீங்கிய கண்ணோடு நின்ற தங்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அதுவும் அஞ்சரைதாம்மா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, போய்வரட்டும் என்றாள். வேனில் ஏறியதும், மேடு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“சும்மா வா தம்பி. பெரியவங்ககிட்ட பொய் சொல்லிட்டு நானே பேஜார்ல கீறேன்.”

முதல் லீவுக்குத் தங்கை வந்தபோது நானும் பாயும்தான் அழைத்துவரப் போனோம். அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கியவர், திருட்டு முழி முழித்துக்கொண்டே, வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். அவளுக்குத்தான் எல்லாக் கதையும் தெரியுமே.

“அஞ்சரைதான் பாய்” என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னார்: “மேல ரோட்ட சமம் பண்ணிட்டானுங்க போலம்மா.”

அந்த முகத்தில் இருந்த நிம்மதிக்கு, பூமி தட்டை என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.